மரத்தில் எழும் கலைப்பள்ளி: வாசகர் கேள்விகளும் கட்டடக்கலைஞர் பதில்களும்

சென்ற இதழில் மரக் கட்டுமானம் குறித்து எழுதியதைப் படித்துவிட்டு, ஓவியம், இசை, நடனம், மண்பாண்டம் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சூழலுக்குக் கேடு விளைவிக்காத ஒரு மரக் கட்டடம், அதற்குள் கலை வகுப்புகள் என்ற ஒரே கனவைத்தான் ஏறக்குறைய எல்லோரும் வெவ்வேறு சொற்களில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கலைக் கல்லூரி முதல்வர் ஒருவர்: எங்கள் புதிய கட்டடம் மரத்தில் அமைய வேண்டும் என்று நிர்வாகக் குழு விரும்புகிறது. மரத்தை வெட்டிக் கட்டடம் கட்டுவது எப்படிச் சூழலைக் காப்பதாகும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

மாணவர்கள் கேட்பது மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை தெரியாமல் மரத்தைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

வளரும் மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து, அதிலுள்ள கரிமத்தைத் தன் உடம்பாக மாற்றிக்கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம்தான். ஒரு கன மீட்டர் ஊசியிலை மரம் ஈரம் நீங்கிய நிலையில் 450 கிலோ எடையுள்ளது என்று கொண்டால், அதில் 225 கிலோ கரிமம் அடங்கியிருக்கும்; ஒரு கிலோ கரிமம் 3.67 கிலோ கரியமில வாயுவிலிருந்து கிடைப்பது என்பதால், அந்த ஒரு கன மீட்டர் மரம் காற்றிலிருந்து எடுத்து வைத்திருக்கும் கரியமில வாயு 800 கிலோவைத் தாண்டும். மரம் காட்டில் பட்டுப்போய் மட்கினாலும் அடுப்பில் எரிந்தாலும் அது மீண்டும் காற்றுக்கே போய்விடும். உத்திரமாகவும் தூணாகவும் நிற்கும் காலம்வரை கட்டடத்துக்குள்ளேயே தங்கியிருக்கும். மறுபக்கம், உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியால் வருகிறது. மரம் இடம்பிடிக்கும் அளவுக்குச் சிமென்டும் எஃகும் குறைகின்றன.

ஆனால் இந்தக் கணக்கு தானாக மெய்யாகிவிடாது. வெட்டிய இடத்தில் மரம் மறுபடியும் வளர்ந்தாக வேண்டும். காடு முறையாகப் பேணப்படுகிறதா என்று பார்த்துச் சான்று தரும் எஃப்.எஸ்.சி. (1993இல் தொடங்கியது), பி.இ.எஃப்.சி. (1999இல் தொடங்கியது) ஆகிய அமைப்புகளின் சான்று மரத்தோடு வருகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். எழுபது, எண்பது ஆண்டுகள் வளர்ந்த மரத்தில் செய்த கட்டடத்தை இருபத்தைந்தே ஆண்டுகளில் இடித்து எரித்தால் காட்டுக்கும் நமக்கும் கணக்கு நேராகாது. மரத்தை அறுக்கவும், உலர்த்தவும், ஒட்டவும், ஏற்றிவரவும் செலவாகும் எரிபொருளையும் சேர்த்தாக வேண்டும். மரத்தில் தங்கியுள்ள கரிமத்தையும் கட்டுமானத்தால் வெளியான கரிமத்தையும் ஒன்றோடொன்று கழித்து ஒரே எண்ணாகக் காட்டும் அறிக்கையை உங்கள் குழு ஏற்க வேண்டாம். இரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதித் தரும்படி கேளுங்கள். மேலும், உங்களிடம் ஏற்கெனவே நல்ல நிலையில் ஒரு பழைய கட்டடம் இருந்தால், அதைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவதைவிடச் சூழலுக்கு உகந்த புதுக் கட்டடம் அநேகமாகக் கிடையாது. மரத்தை இத்தனை நேசிக்கும் நான் இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கட்டடப் பொறியியல் மாணவி: சி.எல்.டி., குளுலாம் என்று படிக்கிறோம். ஒரு கலைப்பள்ளியில் எதை எங்கே பயன்படுத்துவது?

பலகைகளை ஒரே திசையில் அடுக்கி ஒட்டினால் குளுலாம் என்னும் ஒட்டடுக்கு உத்திரம் கிடைக்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஹெட்சர் 1906இல் இதற்கு உரிமம் பெற்றார். ஓர் அடுக்கு நெடுக்கே, அடுத்த அடுக்கு குறுக்கே என்று மாற்றி மாற்றி மூன்று, ஐந்து அல்லது ஏழு அடுக்காக ஒட்டினால் அது சி.எல்.டி. என்னும் குறுக்கடுக்குப் பலகை. இது 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் உருவாகி வளர்ந்தது. மரம் ரேகையின், அதாவது நார் ஓடும் திசையின், போக்கில் ஏறக்குறைய மாறாது. ரேகைக்குக் குறுக்கே ஈரத்துக்கு ஏற்ப வீங்கும், சுருங்கும். குறுக்கே ஒட்டிய அடுக்கு பக்கத்து அடுக்கை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால்தான் இத்தனை பெரிய பலகை கோணாமல் நிற்கிறது.

சிறு அறைகள் நெருங்கி அமையும் பகுதியில், அதாவது தனிப்பயிற்சி அறைகள், வகுப்பறைகள், அலுவலகம் ஆகியவற்றில், சி.எல்.டி. சுவரும் தளமும் பொருந்தும். ஐந்து, ஆறு மீட்டர் அகலத்தை 160 முதல் 200 மில்லிமீட்டர் தடிப்புள்ள தளம் தாங்கிவிடும். ஓவியக்கூடம், அரங்கம் போன்ற திறந்த வெளிகளுக்குக் குளுலாம் தூணும் உத்திரமுமே ஏற்றவை. 10 மீட்டர் நீளத்துக்கு உத்திரத்தின் ஆழம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் என்று முதல் வரைவில் எடுத்துக்கொள்ளலாம்.

தேர்வில் கேட்க மாட்டார்கள், ஆனால் களத்தில் கட்டாயம் வேண்டியது ஒன்று உண்டு. பொதுவாகப் பயன்படும் சி24 என்னும் வலிமைத் தர மரம் ரேகையின் போக்கில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 21 நியூட்டன் அழுத்தம் தாங்குகிறது. ரேகைக்குக் குறுக்கே தாங்குவது 2.5 மட்டும். தூணின் தலையை உத்திரத்தின் வயிற்றில் அப்படியே உட்காரவைத்தால், தூணுக்கு ஒன்றும் ஆகாது, உத்திரம் நசுங்கும். பல மாடிக் கட்டடத்தில் தூணின் மேல் தூண் நேராக நிற்க வேண்டும். உத்திரம் பக்கவாட்டில் வந்து சேர வேண்டும்.

ஓவிய ஆசிரியை ஒருவர்: எங்கள் வகுப்பில் லின்சீடு (ஆளிவிதை) எண்ணெயும் டர்பன்டைனும் எப்போதும் இருக்கும். பக்கத்து அறையில் மண்பாண்டச் சூளை. இவற்றை மரக் கட்டடத்துக்குள் வைப்பதை நினைத்தாலே அச்சமாக இருக்கிறது.

உங்கள் அச்சத்தை நான் மதிக்கிறேன். எது எப்படி எரிகிறது என்று பார்த்துவிட்டால் அந்த அச்சம் சரியான இடத்தில் போய் நிற்கும்.

பருமனான மரம் வெளிப்பக்கமிருந்து கரியாகிக்கொண்டே உள்ளே போகிறது. ஊசியிலை மரத்தில் இந்த வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர். ஒரு மணி நேரம் எரிந்தால் 40 மில்லிமீட்டர் கரியாகும். அந்தக் கரி உள்ளே இருக்கும் மரத்துக்குப் போர்வையாகிவிடுகிறது. எனவே, தாங்குவதற்கு வேண்டிய அளவுக்கு மேல் இந்தக் கரியாகும் தடிப்பையும் சேர்த்தே உத்திரத்தை அமைக்கிறோம். இணைப்பில் உள்ள எஃகுத் தகடு வெளியே தெரிந்தால் அதுதான் முதலில் தளரும். 600 பாகை செல்சியஸை நெருங்கும்போது எஃகின் வலிமை பாதியாகிவிடும். தகட்டை மரத்துக்குள் புதைத்து, போல்ட்டின் தலையை மரக்கட்டையால் அடைத்துவிடுவது இதற்காகவே. அறையின் எல்லாச் சுவரையும் கூரையையும் மரமாகவே திறந்து வைத்தால், உள்ளே இருக்கும் பொருள்கள் எரிந்து தீர்ந்த பிறகும் மரப் பரப்புகள் ஒன்றையொன்று சூடேற்றித் தீயை அணையவிடாது. ஆகவே கூரை மரமாகத் தெரியட்டும். சுவர்களில் சிலவற்றையாவது ஜிப்சம் பலகையால் மூடிவிடுங்கள். சி.எல்.டி. வாங்கும்போது வெப்பத்தில் இளகிப் பிரியாத பசையால் ஒட்டியதா என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கலைப்பள்ளிகளுக்கு இதில் ஒரு துயரமான பாடம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ கலைப்பள்ளியின் மெக்கின்டோஷ் கட்டடம் 2014 மே மாதம் தீப்பிடித்தது. மாணவர் படைப்பு ஒன்றில் பயன்பட்ட நுரைத் தெளிப்பானின் வாயு, சூடான புரொஜெக்டர் மீது பட்டுப் பற்றியது. அது கல் சுவர்க் கட்டடம்; உள்ளே மர வேலைப்பாடு. சுவர்களுக்குள் மேல்நோக்கி ஓடிய பழைய காற்றுப்பாதைகளும் மறைவான வெற்றிடங்களும் தீயை மாடிக்கு மாடி கொண்டுபோயின. தண்ணீர்த்திவலை தெளிக்கும் தீயணைப்பு அமைப்பைப் பொருத்தும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது, முடியவில்லை. புகழ்பெற்ற நூலகம் அழிந்தது. சீரமைப்பு நடந்துவந்த நிலையில் 2018 ஜூனில் மறுபடியும் தீ பிடித்து, மீதியையும் பெரும்பாலும் கொண்டுபோய்விட்டது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: கண்ணுக்குத் தெரியும் பருமனான உத்திரத்தைவிட, கண்ணுக்குத் தெரியாத சந்துதான் ஆபத்தானது. குழாயும் கம்பியும் தளத்தைக் கடக்கும் ஒவ்வொரு துளையையும் தீத்தடுப்பு அடைப்பால் மூட வேண்டும்; தானியங்கி ஸ்பிரிங்க்ளர் இயங்கத் தொடங்கிய பிறகே வகுப்புகள் தொடங்க வேண்டும்.

இனி உங்கள் அறைக்கு வருகிறேன். லின்சீடு எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பம் விடுகிறது. எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், உள்ளே சேரும் வெப்பம் வெளியேற வழியின்றி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே சில மணி நேரத்தில் அது பற்றிக்கொள்ளும். பெரும்பாலும் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு. கழுவுதொட்டியின் அருகே மூடியுள்ள உலோகத் தொட்டி ஒன்றைத் தண்ணீரோடு வையுங்கள்; துணிகள் அன்றாடம் அதில்தான் விழ வேண்டும். அதற்கான இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிடுவது என் வழக்கம், ஏனென்றால் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்ட தொட்டி எந்தப் பள்ளியிலும் வந்து சேர்ந்ததாக நான் பார்த்ததில்லை. சூளையோ 1,000 பாகைக்கு மேல் போவது. அதைச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் கொண்ட தனி அறையில், தனிப் புகைபோக்கியோடு வைத்துவிடுங்கள். மரக் கட்டடம் என்றால் எல்லா அறையும் மரமாகத்தான் இருக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை.

இசை ஆசிரியர் ஒருவர்: மரத்தால் செய்த அரங்கம் வயலினைப் போலத் தானும் அதிர்ந்து இசைக்கு இனிமை சேர்க்கும் என்கிறார்கள். எங்கள் பயிற்சி அறைகளையும் அப்படியே மரத்தில் கட்டிவிடலாமா?

இந்த நம்பிக்கை அழகானது. ஆனால் வடிவமைப்பில் இதை நம்பினால் கெடுதல் விளையும். வயலினின் மேற்பலகை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ளது. அது அதிர வேண்டும். அரங்கின் சுவர் அப்படி அதிர்ந்தால், கீழ்ச்சுருதி ஒலிகளின் ஆற்றலைத் தானே விழுங்கிவிடும். வெற்றிடத்தின் மேல் மெல்லிய மரப்பலகை அடித்த அரங்குகளில் கீழ்ச்சுருதிக் கருவிகளின் ஒலி மெலிந்து போவதன் காரணம் இதுதான். பின்லாந்தின் லாத்தி நகரில் 2000ஆம் ஆண்டு திறந்த சிபேலியஸ் அரங்கம் மரத்தால் கட்டியது. ஒலி நயத்துக்காக உலகப் புகழ் பெற்றது. அதன் சுவர்க்கூறுகளில் மரப்பலகைகளுக்கிடையே மணலை நிரப்பியிருக்கிறார்கள். நல்ல ஒலிக்காக மரத்தை அதிரவிடாமல் கனமாக்கியிருக்கிறார்கள் என்பதை ஒலியியல் படிக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

பயிற்சி அறைகளில் உங்களுக்கு உள்ளவை இரண்டு வெவ்வேறு வேலைகள்: ஓர் அறையின் ஒலி மற்ற அறைக்குப் போகாமல் தடுப்பது ஒன்று, அறைக்குள் ஒலி எப்படி இருக்கிறது என்பது மற்றொன்று. இவற்றைக் குழப்பிக்கொண்டு, பக்கத்து அறைச் சத்தத்துக்குச் சுவரில் பஞ்சு ஒட்டும் பள்ளிகள் ஏராளம்.

முதல் வேலைக்குக் கனம் வேண்டும். மரத்திடம் அது இல்லை. கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,400 கிலோ என்றால் மரம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஐந்தடுக்குச் சி.எல்.டி. சுவர் ஒன்று தனியே 40 டெசிபலுக்குச் சற்றுக் குறைவாகவே தடுக்கும். அந்தச் சுவருக்கு அப்பால் பேசுவதே காதில் விழும். இசை அறைகளுக்கு இடையே 55, 60 டெசிபல் வேண்டும். கனத்தை இருமடங்காக்கினால் கிடைப்பதோ ஆறு டெசிபல் மட்டுமே. ஆகவே ஒன்றையொன்று தொடாத இரு சுவர்கள், இடையே கனிமக் கம்பளி, வெளிமுகத்தில் இரட்டை ஜிப்சம் பலகை என்று போக வேண்டும். சுவர் எத்தனை நன்றாக இருந்தாலும், இரு அறைகளுக்கும் கீழே ஒரே தளப்பலகை தொடர்ந்து ஓடினால் ஒலி தளத்தின் வழியே சுற்றிக்கொண்டு வந்துவிடும். தளப்பலகையைச் சுவருக்குக் கீழே துண்டித்து, ரப்பர் போன்ற மெத்தைப் பட்டையின் மேல் உட்காரவைக்க வேண்டும். மேல் தளத்தில் உலர் மணலையோ சரளையையோ 60 முதல் 100 மில்லிமீட்டர் வரை பரப்பி, அதன் மேல் மிதக்கும் தளம் அமைப்பது நல்ல பலன் தரும்.

நான் பார்த்த ஒரு பள்ளியில் இவையெல்லாம் முறையாகச் செய்திருந்தும், ஓர் அறையின் தோல்கருவி அடுத்த அறையில் தெளிவாகக் கேட்டது. இரு அறைகளின் மின்பெட்டிகளும் சுவரில் முதுகோடு முதுகாக, ஒரே உயரத்தில் இருந்தன. ஒரு பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோது மறுபக்க அறையின் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மற்றப் பரப்பு எத்தனை சிறந்ததானாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. பெட்டிகளை ஓரடி தள்ளி மாட்டி, துளைகளை அடைத்ததும் பிரச்சினை அடங்கிவிட்டது.

இரண்டாவது வேலைக்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1890களில் வாலஸ் சபைன் இருக்கை மெத்தைகளை அரங்குக்குள் கொண்டுவந்தும் எடுத்தும் அளந்து கண்ட விதி அது: எதிரொலி அடங்கும் நேரம், அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் வருவது. நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர், உயரம் மூன்று மீட்டர் உள்ள தனிப்பயிற்சி அறையின் கன அளவு 36. அங்கே 0.6 விநாடி வேண்டுமானால், முழுதாக உறிஞ்சும் பரப்பு ஏறத்தாழ 9.7 சதுர மீட்டர் இருக்க வேண்டும். அறையின் மொத்தப் பரப்பு 66 சதுர மீட்டர். வெறும் மரப்பரப்பு மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால், கூரையில் பெரும் பகுதியையும் ஒரு சுவரில் சிறிதையும் துளையிட்ட மரப்பலகையாலும் அதன் பின்னே கம்பளியாலும் அமைத்துவிடலாம். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றைச் சற்றே சாய்த்து வைத்தால் கைதட்டினால் கேட்கும் அந்தப் படபடப்பும் போய்விடும்.

நடனப் பள்ளி நடத்துபவர்: நடனக் கூடத்தை மாடியில் வைக்க வேண்டும் என்கிறார் எங்கள் வடிவமைப்பாளர். மரத்தளம் தாங்குமா?

உடையாது, ஆனால் ஆடும். நடன அடிகள் விநாடிக்கு ஒன்றரை முதல் மூன்று தடவை விழுகின்றன. அவற்றின் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் கூடவே தளத்துக்குள் போகின்றன. ஐம்பது பேர் ஒரே தாளத்தில் குதிக்கும்போது தளத்தின் இயல்பான அதிர்வெண் அதற்கு அருகில் இருந்தால், ஆட்டம் அடிக்கு அடி பெருகும். ஆகவே தளத்தின் அதிர்வெண் 8 முதல் 10 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 8 முதல் 10 அதிர்வுக்கு) மேல் இருக்கும்படி விறைப்பாக அமைக்க வேண்டும். உங்கள் வடிவமைப்பாளரோடு பேச ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது: தன் எடையால் தளம் நடுவில் தாழும் அளவை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 18ஐ வகுத்தால் ஏறத்தாழ அதன் அதிர்வெண் வரும். ஐந்து மில்லிமீட்டர் தாழ்ந்தால் 8 ஹெர்ட்ஸ். 10 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் தாழலாம். பெரிய கூடத்துக்கு இதைச் செய்ய உத்திரத்தின் ஆழம் மிகவும் கூடும், மரச்செலவும் கூடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நடனத்தைத் தரைத்தளத்தில் வைத்து, அந்த மரத்தை மிச்சப்படுத்துவேன். எங்கே வைத்தாலும், கான்கிரீட்டின் மேலோ சி.எல்.டி. மேலோ நேரடியாக ஆடவிடாதீர்கள். மெத்தைத் துண்டுகளின் மேல் சட்டங்கள், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டடுக்கு பிளைவுட், அதற்கு மேல் ஆடும் பரப்பு என்று மீள்தளம் அமைத்தால்தான் கணுக்காலும் முழங்காலும் பிழைக்கும்.

ஓவியப் பட்டப்படிப்பு மாணவர்: மரச்சுவர் ஓவியக்கூடத்துக்கு நல்லதா?

அமர்ந்து வரைய இதமானது; நிறத்துக்கு நல்லதல்ல. பூசாத ஊசியிலை மரம் இளமஞ்சள் நிறமுடையது. வெயில் பட்டால் அதிலுள்ள லிக்னின் மாறி மேலும் பழுப்பேறும். சன்னல் வழியாக வரும் வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும்போது நீலத்தை இழந்து, மஞ்சளோடு வந்து விழுகிறது. எங்கும் மரம் தெரியும்படி அமைத்த ஒரு கூடத்தில், முகத்தின் நிழற்பகுதிக்கு மாணவி ஒருவர் பொறுமையாகக் கலந்த நிறம் உள்ளே அத்தனை பொருத்தமாக இருந்தது. படத்தை முற்றத்துக்கு எடுத்துவந்து சாய்த்து வைத்தபோது கன்னம் முழுக்க நீலம் பாய்ந்திருந்தது. அவர் கை தவறவில்லை. அறையின் மஞ்சளை ஈடுகட்டத் தன்னை அறியாமலே நீலத்தைக் கூட்டியிருந்தார்.

ஆகவே ஓவியக்கூடத்தில் கண்மட்டத்துக்கு மேலுள்ள சுவரையும் கூரையையும் வெள்ளையாகவோ நிறச்சாயல் இல்லாத வெளிர் சாம்பலாகவோ பூசிவிடச் சொல்வேன். உத்திரங்கள் மட்டும் மரமாகத் தெரிந்தால் பெரிய கெடுதல் இல்லை. சிற்பக்கூடத்திலும் நடனக்கூடத்திலும் மரம் தாராளமாகத் தெரியலாம்.

வடதுருவப் பாதியில் வடக்குச் சன்னலும் தென்துருவப் பாதியில் தெற்குச் சன்னலும் நாள் முழுவதும் மாறாத வெளிச்சம் தரும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஆண்டின் ஒரு பகுதி வடக்கிலும் ஒரு பகுதி தெற்கிலும் சாய்வதால் இரு பக்கமும் மறைப்பு வேண்டும். கூரையில் படுக்கைவசமாகக் கண்ணாடி பதிப்பதைவிட, ரம்பப்பல் வடிவக் கூரையின் செங்குத்து முகத்தில் கண்ணாடி வைப்பதே மரக்கட்டடத்துக்குச் சிறந்தது. அதில் மழைநீர் நிற்காது. மாலை வகுப்புக்கு, நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவான நிறங்காட்டும் குறியீடு (சி.ஆர்.ஐ.) 90க்கு மேலுள்ள எல்.இ.டி. விளக்குகளைப் போடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மரச்சுவரில் எங்கு வேண்டுமானாலும் திருகு போடலாம் என்பது கண்காட்சி வைப்பவர்களுக்குப் பெரும் வசதி. ஆனால் பத்து ஆண்டுகளில் அந்தச் சுவர் சல்லடையாகிவிடும். அதன் மேல் கழற்றி மாற்றக்கூடிய பிளைவுட் பலகை ஒன்றை அடித்துவிட்டால், துளைபட்டதும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மண்பாண்டப் பயிற்றுநர் ஒருவர்: மழை, கரையான், எங்கள் வகுப்பின் தண்ணீர் மூன்றையும் மரம் எப்படித் தாங்கும்?

மரத்தை அழிப்பது பெரும்பாலும் தீயன்று, தேங்கும் ஈரம். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அதை உளுக்கவைக்கும் பூஞ்சை வளராது. நனைந்தாலும் விரைவில் காயும் மரம் நூற்றாண்டுகள் நிற்கும். நனைந்து மூடிக்கிடக்கும் மரம் சில ஆண்டுகளில் போய்விடும். எனவே அகன்ற தாழ்வாரமும், தரையிலிருந்து நன்றாக உயர்த்திய கான்கிரீட் பீடமும், வெளிப்பலகைக்குப் பின்னால் காற்றோடும் இடைவெளியும் பூச்சு மருந்துகளைவிட முக்கியம். ரேகை முடியும் வெட்டுமுனை பக்கப்பரப்பைவிடப் பன்மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். கட்டுமானத்தின்போது மழை வந்தால் முதலில் மூட வேண்டியவை அந்த முனைகள்தான்.

சுவருக்குள் நீராவி படியாமல் தடுக்கும் ஏடு குளிர்நாடுகளில் உட்பக்கம் வர வேண்டும், ஏனென்றால் ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் குளிரூட்டிய அறைக்கு ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அங்கே அதை உட்பக்கம் ஒட்டினால் சுவர் உள்ளுக்குள்ளேயே அழுகும். ஓரிடத்தில் வெற்றி பெற்ற சுவரின் வரைபடத்தை வேறோரிடத்தில் அப்படியே எடுத்தாளும் தவறு இப்படித்தான் நேர்கிறது.

தேக்குப் போன்ற மரங்களின் வைரம், அதாவது நடுவே உள்ள முதிர்ந்த மரம், கரையானை இயல்பாகவே எதிர்க்கும். வெளிறு, அதாவது அதைச் சுற்றியுள்ள இளமரம், எந்த மரத்திலும் எதிர்க்காது. சி.எல்.டி. செய்யப் பயன்படும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்துக்கு அந்த எதிர்ப்பு இல்லை. கரையான் உள்ள நிலமானால் பீடத்தின் மேல் துருப்பிடிக்காத எஃகு வலை அல்லது தகடு, போரேட் என்னும் பூச்சித்தடுப்பு உப்பு ஊட்டிய அடிச்சட்டம், இவற்றோடு மண்கூடு ஏறினால் கண்ணில் படும்படி பீடத்தின் முகம் எப்போதும் திறந்திருப்பது ஆகியவை வேண்டும். பீடத்தை ஒட்டிச் செடி வைப்பதை நான் அனுமதிப்பதில்லை.

உங்கள் வகுப்பும் அச்சுக்கூடமும் தரைத்தளத்தில் கான்கிரீட்டின் மேல், வடிகாலோடு அமையட்டும். உலர்ந்த களிமண் தூசியில் நுரையீரலுக்குக் கெடுதியான சிலிக்கா இருப்பதால் அங்கே பெருக்காமல் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். அன்றாடம் நனையும் தரை மரமாக இருக்கக் கூடாது. மேல்மாடிக் கழிப்பறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, குழாய்களைத் திறந்து பார்க்கும்படி அமைத்துவிட்டால், பிறகு வரும் கசிவு வாரக்கணக்கில் ஒளிந்திருக்காது.

வாசகர் ஒருவர்: நிலநடுக்கத்தில் மரக் கட்டடம் நிற்குமா?

நன்றாகவே நிற்கும். எடை குறைவானதால் அதன் மேல் விழும் விசையும் குறைவு. எஃகு இணைப்புகள் வளைந்து கொடுத்து ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. ஏழு மாடிச் சி.எல்.டி. கட்டடம் ஒன்றை 2007இல் ஜப்பானின் மிக்கி நகரிலுள்ள பேரதிர்வு மேடையில் ஏற்றி, 1995 கோபே நிலநடுக்கத்தின் அசைவைக் கொடுத்துச் சோதித்தார்கள். அது இடியாமல் நின்றது.

ஓய்வுபெற்ற கலை ஆசிரியர்: நான் பணிபுரிந்த காலத்தில் அச்சுக்கூடம் கணினி அறையானது, பிறகு அதுவே ஒலிப்பதிவு அறையானது. பாடத்திட்டம் இப்படி மாறிக்கொண்டே இருக்கும்போது நீடிக்கும் கட்டடம் என்று எதைச் சொல்வது?

இந்த இதழுக்கு வந்தவற்றுள் என்னை அதிகம் யோசிக்கவைத்த கடிதம் உங்களுடையது. எடை தாங்கும் தூண்களும் உத்திரங்களும் ஒரு பக்கம், அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் மறுபக்கம் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிட வேண்டும். சி.எல்.டி. சுவர்களே எடை தாங்கும்படி கட்டடம் முழுவதையும் அமைத்தால் கட்டுவது எளிது, ஆனால் பிறகு ஒரு சுவரையும் நகர்த்த முடியாது. கலைப்பள்ளியில் சிறு அறைகளுக்கு அப்படிச் செய்யலாம். கூடங்கள் உள்ள பகுதியில் தூணும் உத்திரமும்தான் வேண்டும். அங்கே தளத்தின் தாங்குதிறனை இன்றைய தேவைக்குச் சற்று மேலாக வைத்துவிட்டால், நாளை அச்சு எந்திரம் வந்தாலும் இறக்க இடம் இருக்கும்.

அடுத்தது இணைப்பு. பசையால் ஒட்டிய மூட்டைப் பிரித்தால் மரம் கிழியும். போல்ட்டாலும் திருகாலும் சேர்த்ததைக் கழற்றி எடுத்து வேறிடத்தில் மறுபடியும் பூட்டலாம். ஜப்பானின் நாராவில் உள்ள ஹோரியூஜி ஆலயக் கட்டடங்கள் 1,300 ஆண்டுகளாக நிற்பவை. அவை ஒருபோதும் கெடாததால் நிற்கவில்லை. மூட்டுகளைப் பிரித்து, பழுதான துண்டை மட்டும் மாற்றி, மறுபடியும் கோத்துவிட முடிவதால் நிற்கின்றன. 1934இல் தொடங்கிய பெரும் சீரமைப்பிலும் கட்டடங்களைப் பிரித்தே செப்பனிட்டார்கள்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் 2017இல் திறந்த வடிவமைப்புக் கட்டடத்தில் மரமும் கான்கிரீட்டும் இணைந்த தளம், குளுலாம் தூண்கள், எஃகு இணைப்புகள் எல்லாம் மாணவர் கண்ணில் படும்படி விட்டிருக்கிறார்கள். கட்டடம் எப்படி நிற்கிறது என்பதைத் தலையை நிமிர்த்திப் பார்த்தே அவர்கள் கற்கலாம். பழுதும் அப்படித்தான் கண்ணில் படும்.

ஒப்படைப்பு நாளில் நான் பள்ளிக்குக் கொடுக்கும் உறையில் ஒவ்வொரு மூட்டின் வரைபடமும், எந்தச் சுவரை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று இரு வண்ணங்களில் குறித்த தளப்படமும், மரம் எங்கிருந்து வந்தது, எந்தத் தரம், எந்தப் பசை என்ற பட்டியலும் இருக்கும். அதன் ஒரு படியை நெகிழி உறையிலிட்டு, மின்பலகை அறையின் கதவுக்கு உட்பக்கம் மாட்டிவிடச் சொல்கிறேன். முப்பது ஆண்டு கழித்துச் சுவரை இடிக்க வரும் ஒப்பந்தக்காரர் மின்சாரத்தை நிறுத்தத் திறக்கும் முதல் கதவு அதுதான்.